என் உதட்டில் நீ விட்டுச்சென்றது

என்னைப் பெறாமல் வளர்த்த அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் மகள் கலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. மூக்கு அப்படியே உன் மூக்கு. நிறம் மாப்பிள்ளை வீட்டு நிறம், போகட்டும். பிரசவத்துக்குக் கலாவை என் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தேன். சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடு, ஓர் அறையும் அடுப்படியும்தான். அறையில் தாயும் பிள்ளையும் இருக்கிறார்கள், நான் அடுப்படியில் கிடக்கிறேன். ஏன் என்று கேட்பாய். கோபப்படாமல் கேள்.

நீ கண்மூடுவதற்கு முன் நோயில் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று சொன்னாயே, நினைவிருக்கிறதா? "எம் பேரப்புள்ளைக்கு நீதான்டி சேனை வைக்கணும். சம்பந்தியம்மா கையில உட்டுடாத." பிறந்த குழந்தையின் நாக்கில் முதன்முதலாகச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைப்பவரின் குணம் அந்தக் குழந்தைக்கு வரும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. சம்பந்தியம்மாவின் வாய்க்கு நீ எவ்வளவு பயந்தாய் என்று எனக்குத் தெரியும். கலாவின் கல்யாணப் பந்தலில் அவர் பேசிய பேச்சை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. நான்தான் வைப்பேன் என்று உன் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

ஆஸ்பத்திரியில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லிவிட்டார். பெரியவர்கள் விடுவார்களா? பேர் வைக்கும் நாளில் சம்பிரதாயத்துக்கு ஒரு துளி தொட்டுவைத்தால் போதும் என்று முடிவு செய்தார்கள். அந்த நாள் நெருங்கும்போதுதான் அக்கா, என் உதட்டோரத்தில் அது வந்தது.

நீ தூக்கிய மீன் கூடையை இப்போது நான் தூக்குகிறேன். தருமபுரத்துத் தெருக்களில் சித்திரை வெயில் மண்டையில் ஏறினால் என் உதடு என்னவாகும் என்பது உனக்குத் தெரியாததா? முதலில் சுள்சுள்ளென்று குத்தியது. விடிந்து பார்த்தால் கொத்தாக நீர்க்கொப்புளங்கள்.

செய்யாத வைத்தியம் இல்லை. வெண்ணெய் தடவினேன். கற்றாழையைக் கீறி அதன் சோற்றை வைத்தேன். அதிமதுரத்தை இழைத்துப் பூசினேன். மீன் பெட்டிக்குப் போடும் ஐஸில் ஒரு துண்டைத் துணியில் சுற்றி ஒத்திக்கொண்டேன். எரிச்சல் கொஞ்சம் அடங்கியது, கெளுத்தி வாடை மட்டும் உதட்டை விட்டுப் போகவில்லை. என் வீட்டுக்காரர் பிராந்தி பாட்டிலோடு வந்தார். "ஒரு சொட்டு வச்சுப் பாரு, பொசுங்கிடும்" என்றார். நம் காரைக்காலில் அந்த மருந்துக்கு மட்டும் பஞ்சமே இல்லையே! எனக்கு ஒரு சொட்டு, மீதி அவருக்கு. என் கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம்.

பக்கத்து வீட்டு ராணி, "இது அக்கிக்கா. வேளார் வீட்டுக்குப் போயி காவியால எழுதிக்கிட்டா எறங்கிடும்" என்றாள். அக்கிக்குக் குயவர்கள் எழுதும் காவிச் சிங்கத்தை உதட்டில் வைத்துக்கொண்டு மீன் விற்கப் போனால் யார் வாங்குவார்கள்?

கடைசியில் டவுனில் மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். கடைக்காரத் தம்பி சின்னதாக ஒரு களிம்பு ட்யூப்பை எடுத்து வைத்தார். "குத்தல் எடுக்கும்போதே போட்டிருக்கணும்க்கா. இப்ப போட்டா கொஞ்சம் வெரசா காயும், அவ்வளவுதான்." பிறகு என்ன நினைத்தாரோ, "வீட்ல கைக்குழந்தை இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அவர் முகமே மாறிவிட்டது.

"முத்தம் கித்தம் குடுத்துடாதீங்க. வாயில வெரல் வைக்காதீங்க. நமக்கு இது வெறும் புண்ணு. பச்சப்புள்ளைக்கு ஒட்டிச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

"கைய நல்லா கழுவிக்கிட்டா ஆவாதா தம்பி?"

"எதுக்குக்கா விஷப்பரீட்சை? பக்கு உதிர்ந்து தோலு மூடுற வரைக்கும் தள்ளியே இருங்க."

எப்போதுதான் இது முழுசாகப் போகும் என்று கேட்டேன். "போவாதுக்கா. ஒருதடவ வந்துட்டா உள்ளயே படுத்திருக்கும். வெயில், காய்ச்சல், கவலைன்னா எழும்பும்" என்றார். பெரும்பாலும் சின்ன வயதில் யாருடைய எச்சிலிலிருந்தாவது ஒட்டுவதாம்.

யாருடைய எச்சில் என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காய்ச்சலில் உன் உதடு வெடித்திருந்தபோது கடலை மிட்டாயைக் கடித்து எனக்குப் பாதி கொடுத்தாயே. எச்சில் படாமல் காக்காக்கடி கடிக்க மேலே துணி போட வேண்டும். உனக்குப் பொறுமை ஏது? அதன் பிறகு என் வாயெல்லாம் புண்ணாகி நான் அழுதபோது, பல்லி எச்சம் பட்டுவிட்டது என்று அம்மா பல்லியைத் திட்டினாள். நீ ஆறிய கஞ்சியை ஊதி ஊதி ஊட்டினாய். உன் மேல் எனக்குக் கோபமில்லை. பாசமாகக் கொடுத்ததுதானே.

ஆனால் நான் மாட்டிக்கொண்டேன் அக்கா. சேனை வைத்தால் பிள்ளைக்கு ஆபத்து. வைக்காவிட்டால் உனக்குச் செய்த சத்தியம் போகும். காரணத்தைச் சொன்னால் வாய்ப்புண் என்றதும் கெட்ட சீக்கு என்று கதை கட்டிவிடுவார்கள். சம்பந்தியம்மா அன்றைக்கே கலாவையும் பிள்ளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு எங்கே போய் ஒளிவது?

பேர் வைக்கும் நாளில் வீடு நிறைய ஆட்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். கலா கூப்பிட்டாள். "சித்தி, வா. அம்மா எடத்துல நீதான வைக்கணும்."

எல்லார் கண்ணும் என் மேல். முந்தானையை எடுத்தேன். "எனக்கு ஒதட்டுல புண்ணு. புள்ளைக்கு ஒட்டிக்கும். நான் தொடமாட்டேன்" என்றேன்.

"என்னா புண்ணு அது?" என்றார் சம்பந்தியம்மா. "எங்க வூட்ல யாருக்கும் இப்புடி வந்ததில்லையே."

"சின்ன வயசுலேர்ந்து வர்றதுதாங்க."

சம்பந்தியம்மா எழுந்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப நானே வச்சிடுறேன்." குழந்தை நாக்கைச் சப்புக்கொட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். கலா என்னைப் பார்க்கவே இல்லை. சம்பந்தியம்மாவுக்குப் பயந்து ஒரு சாக்குச் சொல்லித் தப்பித்துவிட்டேன் என்று நினைக்கிறாளோ என்னவோ, இன்னும் முகம்கொடுத்துப் பேசவில்லை.

ஆமாம் அக்கா, அந்த அம்மா கையால்தான் சேனை. நீ எதற்குப் பயந்தாயோ அதுவே நடந்தது. அந்த வாயே பிள்ளைக்கும் வந்தால் என்ன செய்வது என்று கேட்பாய். வரட்டுமே. உயிரோடு இருந்து ஊரையே வாயால் மடக்கட்டும். என்னையும் நாலு கேள்வி கேட்கட்டும்.

இதை எழுதும்போது கலா கொல்லையில் குளிக்கிறாள். பிள்ளை சிணுங்குகிறது. ஓடிப்போய்த் தூக்கக் கை பரபரக்கிறது. தூளியில் நீளமாக ஒரு கயிறு கட்டி, அதை அடுப்படியிலிருந்தே இழுத்து ஆட்டிக்கொண்டிருக்கிறேன். இழுத்தால் அழுகை நிற்கிறது, விட்டால் தொடங்குகிறது. இங்கிருந்து பார்த்தால் துணிக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிகிறது.

உனக்குக் கொடுத்த வாக்கில் ஒன்று போய்விட்டது. அதற்குப் பதிலாக இன்னொன்று தருகிறேன். பக்கு உதிர்ந்து தோல் மூடிய பிறகுதான் அவளைத் தூக்குவேன். என்றைக்காவது உதட்டில் மறுபடி அந்தக் குத்தல் எடுத்தால், யாரும் சொல்லாமல் நானே இந்த அடுப்படிக்கு வந்துவிடுவேன். நீ எனக்குக் கொடுத்ததை அவளுக்குக் கொடுக்கமாட்டேன் அக்கா. அது என்னோடு இருக்கட்டும்.

உன் எச்சிலைத் தின்று வளர்ந்த தங்கை,
வசந்தா