கவாத்து முடிந்த கையோடு அளந்தோம்

சகல,

இன்று காலை இன்ஷூரன்ஸ் தாளைத் தேடி ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினேன். தாள் கிடைக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்ட ஐந்து விளம்பரத் தாள்கள் கிடைத்தன. நாம் ஏறி இறங்கிய டிராக்டர் ஷோரூம்களில் கொடுத்தவை. பெட்ரோல் வாடை ஏறி, மடிப்புகளில் சாயம் உதிர்ந்து கிடந்தன. சிவப்பு வண்டியின் தாளில் மட்டும் நீ பேனாவால் மூன்று வட்டம் போட்டிருந்தாய். குதிரைத்திறனுக்கு ஒன்று, நான்கு சக்கரமும் இழுக்கும் என்பதற்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று. அகலத்தின் பக்கத்தில் ‘தாராளமாப் போகும்’ என்று எழுதி அடிக்கோடு வேறு. அதைப் பார்த்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். பள்ளிக்கூட ஆபீசுக்கு இன்று அரை மணி நேரம் தாமதம்.

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. இதற்குள் இரண்டு முறை உனக்கு எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டிருக்கிறேன். இரண்டிலும் உன்னை ஏகத்துக்குப் புகழ்ந்திருந்தேன். நீ படித்திருந்தால் இது யாரைப் பற்றி என்று கேட்டிருப்பாய். செத்தவனைக் குறை சொல்லக் கூடாது என்று எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லதாகவே பேசுகிறார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் சேர்ந்திருந்தேன்.

அக்காவைக் கட்டிய நான் மதுரைக்குள் கிளார்க். தங்கை செல்வியைக் கட்டிய நீ உசிலம்பட்டிப் பக்கம் மாமனார் நிலத்திலேயே தங்கிவிட்டாய். யார் யார் காட்டிலோ கூலிக்கு நின்ற மனுஷன் கடைசிக் காலத்தில் வாங்கிப் போட்ட நிலம் அது. இரண்டு பெண்களுக்கும் பாதிப் பாதி எழுதி வைத்தார். நடுவில் வரப்பு போடாமல் சேர்த்தே விவசாயம் செய்தோம். செய்தது நீயும் செல்வியும். ஞாயிற்றுக்கிழமை வந்து யோசனை சொன்னது நான். கல்யாணமான புதிதில் ஒருவரையொருவர் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசினோம். எப்போது அது ‘வா, போ’ ஆனது என்று நினைவில்லை. மரியாதை போன பிறகுதான் உன்னோடு நன்றாக ஒட்டியது.

ஒரு மழை விழுந்தால் ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். வாடகை டிராக்டர் ஊர்க் காட்டையெல்லாம் முடித்துவிட்டு நம் காட்டுக்கு நான்காம் நாள்தான் வரும். நமக்கு ஏன் கடைசி என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், வண்டிக்காரருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன புரட்டாசியில் அப்படி ஒரு மழை வீணானபோது, கட்டி கட்டியாக இறுகிக் கிடந்த மண்ணைக் காலால் எத்திக்கொண்டே சொன்னாய்.

“நாமளே ஒண்ணு வாங்கிருவோம் சகல. சின்ன வண்டி போதும். நம்ம ஈரத்துல நாம உழணும்.”

எனக்கு அன்று உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு டிராக்டர் வாங்குவதற்கு அவ்வளவு புல்லரிப்பு தேவையா என்று என் மனைவி கேட்டாள். தேவைதான் என்றேன்.

பிறகு பிடித்தது சனி. நம் நிலத்தில் பாதி மல்லிப்பூத் தோட்டம், பாதி மானாவாரி. மல்லி வரிசைக்குள் புகுந்து களையைக் கிண்டுவதற்குக் குறுகலான வண்டி வேண்டும். மானாவாரியில் கடலைக்கும் சோளத்துக்கும் உழ இழுவை வேண்டும். இரண்டும் ஒரே வண்டியில் கிடைப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் டிராக்டருக்குக் கம்பெனிப் பெயரா சொல்கிறார்கள், நிறம்தானே. நீ சிவப்பு என்றாய். நான் நீலம் என்றேன். உனக்கு இழுவை பெரிது. எனக்கு டீசல் குறைவு, சர்வீஸ் கடை பக்கம், உதிரி பாகம் சொன்ன அன்றே கிடைக்கும் என்று பத்துக் காரணம். உண்மையைச் சொன்னால், நீ சிவப்பு என்று சொன்னதும்தான் எனக்கு நீலத்தின் மேல் இவ்வளவு பற்று வந்தது.

ஆரஞ்சு நிறத்தில் ஒரு வண்டி ஷோரூம் மூலையில் நின்றது. எல்லாவற்றிலும் சின்னது. அதைச் சுற்றி வந்துவிட்டு, “இது டிராக்டர் இல்ல சகல, டிராக்டர் போட்ட குட்டி” என்றாய். விற்பனைக்காரப் பையன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சிரித்தான். அந்தத் தாளைக்கூட நீ மரியாதைக்குத்தான் வாங்கினாய்.

டெமோ நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஒவ்வொரு கம்பெனிக்காரரும் வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து நம் காட்டில் ஓட்டிக் காட்டினார்கள். ஒருவர் உழுத இடத்தை அடுத்தவருக்குக் காட்டாமல், உழாத மூலைக்கு நீ அழைத்துப் போன சாமர்த்தியம் எனக்கு வராது. சகலைகள் இரண்டு பேரும் டெமோவிலேயே விதைப்பை முடித்துவிடுவார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். நீ மறுக்கவே இல்லை.

மல்லி வரிசையை அளந்தது மார்கழியில். கவாத்து வெட்டி நாலே நாள். செடியெல்லாம் முழங்காலுக்குக் கீழே குச்சி குச்சியாக நின்றது. டேப்பின் ஒரு முனையை நீ பிடித்தாய், மறுமுனையை நான். செடிக்கும் செடிக்கும் நடுவில் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. எந்த வண்டியும் போகும். சிவப்பு வண்டியை அன்று நீயே வரிசைக்குள் ஓட்டினாய். இரண்டு பக்கமும் கை அகலம் இடம் விட்டுப் போனது. திரும்பி என்னைப் பார்த்தாயே ஒரு பார்வை, அதற்காகவே நீலத்தை விடக் கூடாது என்று முடிவு செய்தேன். செல்வி அந்தப் பக்கம் வெட்டிய குச்சிகளை அள்ளிக்கொண்டிருந்தாள். நாம் அளக்கும்போது ஏதோ சொல்ல வந்தாள். நான்தான் அவளைக் கையமர்த்தினேன். இரு, கணக்குத் தப்பிவிடும் என்றேன்.

தை பிறந்து பொங்கலெல்லாம் முடிந்த பிறகு, சிவப்பு வண்டிக்காரர் வந்திருந்தபோது டீக்கடையில் அது நடந்தது. நான் டீசல் கணக்கை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ கிளாசைக் கீழே வைத்தாய்.

“ஞாயித்துக்கெழம வெவசாயிக்கு இம்புட்டு வாயி ஆகாது சகல.”

வெளியாள் முன்னால் சொல்லிவிட்டாய். எனக்குக் காது சுட்டது. அப்படியென்றால் உன் பாதிக்கு நீ வாங்கு, என் பாதிக்கு நான் வாங்கிக்கொள்கிறேன், நடுவில் வரப்பைப் போட்டுவிடு என்றேன். சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன். நீ கூப்பிடவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்பது நாள் நாம் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். மாசிக் கடைசியில் ஒரு பகல், நெஞ்சு வலிக்கிறது என்று மோட்டார் ரூம் வாசலில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை. செய்தி வந்தபோது நான் ஆபீசில் மாணவர்களின் மாற்றுச் சான்றிதழ்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். கையில் இருந்ததையும் குத்தி முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் செல்வியிடம் சொன்னேன், சிவப்பு வண்டியையே வாங்கிவிடலாம் என்று. நீ ஆசைப்பட்டது, உன் பெயரை முன்னால் எழுதிக்கூட ஓட்டலாம் என்றேன். எனக்கு அப்போது வேறு எதுவும் தோன்றவில்லை. உன்னிடம் மன்னிப்புக் கேட்க இருந்த ஒரே வழி அந்த வண்டிதான் என்று பட்டது. செல்வி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பூ வரட்டும், பிறகு பார்ப்போம் என்றாள்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வரச் சொன்னாள். தோட்டம் பூத்துக் கிடந்தது. மார்கழியில் குச்சியாக நின்ற செடி இடுப்பு உயரத்துக்குப் புதர் கட்டி, வரிசைக்கு வரிசை கிளை நீட்டிக்கொண்டிருந்தது. செல்வி பூ மடியை அவிழ்த்து வைத்துவிட்டு ஒரு மூங்கில் குச்சியை எடுத்து வந்தாள். டெமோ அன்று நாம் வண்டிக்காரரோடு வாய் பேசிக்கொண்டிருந்தபோது, பூக் கட்டும் நாரால் சிவப்பு வண்டியின் டயருக்கு டயர் அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறாள். அந்த நீளத்துக்கு வெட்டிய குச்சி. அதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை என்னை நடக்கச் சொன்னாள்.

நடந்தேன். நான்காவது செடியிலேயே இரண்டு பக்கமும் இடித்தது. நின்றேன். கடைசிவரை நடக்கச் சொன்னாள். கிளைகள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன. கோடிக்குப் போய்த் திரும்பிப் பார்த்தேன். நான் வந்த வழி நெடுக, இரண்டு பக்கமும் அரும்பு கொட்டிக் கிடந்தது. மறுநாள் காலை சந்தைக்குப் போக வேண்டிய மொட்டு. செல்வி குனிந்து அவற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். நீல வண்டிக்கும் ஒரு குச்சி இருக்கிறது, வேண்டுமானால் அதையும் பிடித்து நடந்து பாருங்கள் என்றாள். நடந்தேன். கொட்டியது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்.

நாலு மாதம் முட்டிக்கொண்டோமே சகல, இரண்டு பேருமே கவாத்து முடிந்த கையோடு அளந்திருக்கிறோம். வருஷத்தில் எட்டு மாதம் அந்த வரிசைக்குள் தினம் காலையில் நடக்கிறவள் பக்கத்திலேயே இருந்தாள். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நிலம் அவள் பெயரிலும் அவள் அக்கா பெயரிலும் இருக்கிறது என்பதுகூட நமக்கு மறந்துபோயிருந்தது.

நான் அப்போதும் விடவில்லை. ஓரச் செடிகளைக் கொஞ்சம் கழித்துவிட்டால் சிவப்பு வண்டி போகும் என்றேன். என் மூளை அப்படித்தான் ஓடியது. அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள்.

“அவுக ஆசப்பட்டாகன்னு வாங்கினா அவுக வண்டி நிக்கும் மச்சான், என் செடி நிக்காது. ஓட்டப்போறது நான். எனக்குத் தோதா வாங்குங்க.”

ஆரஞ்சு வண்டியை வாங்கினோம். நீ குட்டி என்று சொன்ன அதே வண்டி. ஷோரூமில் செல்வி ஏறி உட்கார்ந்து, கிளட்ச் வரை கால் எட்டுகிறதா என்று நாலு தடவை மிதித்துப் பார்த்தாள். பிறகு தன் நாரை எடுத்து டயருக்கு டயர் பிடித்தாள். விற்பனைக்காரப் பையன் தாளில் அளவு போட்டிருக்கிறது என்றான். இருக்கட்டும் என்றாள்.

ஆனியில் ஒரு நல்ல மழை. மறுநாள் நான் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஊரில் எந்த வண்டியும் கிளம்பவில்லை, நம் மானாவாரியில் செல்வி உழுதுகொண்டிருந்தாள். நீ நிற்க வேண்டிய இடத்தில் நான் நிற்பதாகப் பட்டது. சால் முடிந்து வண்டியைத் திருப்பும்போது அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தாள். அத்தனை மாதம் உள்ளே வைத்திருந்ததை அன்று அவளிடம் சொல்லிவிட்டேன். வரப்புப் போடச் சொன்னதைச் சொன்னேன். நீ என் மேல் கோபத்தோடேயே போய்விட்டாய், அந்த நாற்பது நாளும் என்னை ஒரேயடியாக வெறுத்து ஒதுக்கிவிட்டாய் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

செல்வி முந்தானையால் கையில் இருந்த கிரீசைத் துடைத்தாள்.

“யாரு ஒதுக்குனா? அந்த நாப்பது நாளும் ஒங்கள வையாம ஒரு வாய்ச் சோறு எறங்கல அவுகளுக்கு. தட்டுல கைய வச்சா ஒங்க பேச்சுதான். நீலமாம் நீலம்னு ஆரம்பிச்சா, சாப்பிட்டுக் கை கழுவுற வரைக்கும் ஓயாது. எனக்கே காது புளிச்சுப் போச்சு.”

சிரித்துவிட்டேன் சகல. ஈரக் காட்டின் நடுவில், கண்ணில் தண்ணீரோடு, பைத்தியக்காரன் மாதிரி சிரித்தேன். தினம் மூன்று வேளை உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எனக்குத்தான் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் கேட்டேன், அந்த நாற்பது நாள் நான் எப்படி இருந்தேன் என்று. அவள் சோறு போட்டுக்கொண்டே, அந்தச் சிவப்பு வண்டிப் புராணத்தைத்தான் தினம் கேட்டேனே என்றாள்.

இவ்வளவு நாளும் உன்னைப் புகழ்ந்து புகழ்ந்து தூரமாக்கிக்கொண்டிருந்தேன். இனி மாட்டேன். உன்னோடு போட்ட சண்டை அப்படியே என்னிடம் இருக்கிறது, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசில்லை. ஆகவே கேட்டுக்கொள். நீ போட்ட மூன்றாவது வட்டம் தப்பு. தாராளமாகப் போகாது. நீலமும் போகாது, அதை ஒத்துக்கொள்கிறேன். மானாவாரியில் இந்தக் குட்டி மூச்சு வாங்குகிறது. ஒரு சாலுக்கு இரண்டு தடவை ஓட்ட வேண்டியிருக்கிறது. இழுவை விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி, செல்வியிடமும் சொல்லிவிட்டேன். வரப்புப் பேச்சை நான் பேசியிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை விவசாயி என்று நீயும் சொல்லியிருக்கக் கூடாது. அது எனக்கு இன்னும் வலிக்கிறது.

உனக்கும் சொல்ல ஆயிரம் இருக்கும். சொல்லு சகல. இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன்.