வரைபடம் இல்லாத இட்லிக்கடை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து காற்று. சென்டர் ஷட்டரைத் தூக்கியதும் வேப்பந்தட்டை ஊர்ப் புழுதி முழுக்க பிரின்டர் மேல். துடைத்ததிலேயே அரை மணி போச்சு.

வாங்க: பேப்பர் கட்டு, மை, அ.வுக்குத் தைலம்.

அ. என்றால் அரசாங்கம். அரசாங்கம் என்றால் என் வீட்டுக்காரர். யூனியன் ஆபீசில் கடை லைசென்ஸ் பார்க்கும் கிளார்க். நான் சொந்தமாக இ-சேவை மையம் நடத்துவதால் பதிலுக்கு நான் ‘தனியார்’. "தனியாரே, சோறு ஆச்சா?" என்றுதான் உள்ளே நுழைவார்.

மேரி அக்கா வந்தது. ஏலாக்குறிச்சிக்காரி, இங்கே வாக்கப்பட்டு வந்தது. புருஷன் செத்த பிறகு தள்ளுவண்டியில் இட்லி. இப்போது பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு அறை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் லைசென்சைக் காட்டினால் சாவி. இல்லாவிட்டால் பேக்கரிக்காரனுக்கு.

"மழையில நின்னு ஊத்துனது போதும்டி கலை. மேல ஒரு கூரை இருந்தாப் போதும்."

சின்னக் கடைக்குக் கட்டட வரைபடம் தேவையில்லை என்று சட்டத்தைச் சுருக்கிவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வரைபடக் கட்டம் காலியாக இருந்தால் மனுவை உள்ளேயே விடாது. நோட்டுத்தாளில் நாலு கோடு, ஒரு கதவு. நானே வரைந்து ஏற்றினேன். கதவு கொஞ்சம் கோணல்.

ஜூலை 8, செவ்வாய்

திருப்பி அனுப்பிவிட்டார். என் மனுவை. என் வீட்டுக்காரர். காரணம்: ‘வரைபடம் தெளிவில்லை.’

மத்தியானம் சோறு போட்டேன். ரசம் ஊற்றவில்லை.

"வரைபடமே வேண்டாம்னு நீங்கதான படிச்சுக் காட்டுனீங்க?"

"வேண்டாந்தான். வச்சுட்டா நான் பாக்கணும்ல?"

"பாத்துட்டு விட வேண்டியதுதான?"

"‘சரிபார்த்தேன்’னு டிக் அடிச்சாத்தான் மேல போவும். இல்லாத படத்த எப்படிடி சரிபாத்தேன்னு சொல்றது? அந்தக் கட்டத்த எடுங்கன்னு மேலிடத்துக்கு எழுதிப் போட்டுட்டேன். பதிலே இல்ல."

இந்த மனுஷனுக்குப் பொய் வராது. அதற்காகத்தான் இவரைப் பிடித்தது. இன்றைக்கு அதனாலேயே பற்றிக்கொண்டு வருகிறது. வெறும் வெள்ளைத்தாளை ஏற்றி மறுபடி அனுப்பினேன். இதில் என்ன தெளிவில்லை என்று சொல்லட்டும்.

ரசம் அப்புறம் ஊற்றினேன்.

ஜூலை 9, புதன்

கரண்ட் போய்ப் போய் வந்தது. மேரி அக்காவும்.

புது ஏற்பாடு ஒன்று இருக்கிறது. ஏற்றி இரண்டு நாள், அதாவது நாளை மாலைக்குள், ஆபீசில் யாரும் மனுவைத் தொடாவிட்டால் கம்ப்யூட்டர் தானாகவே லைசென்ஸ் கொடுத்துவிடும். ஆனால் தொடாமல் விட்ட கிளார்க்கின் பெயருக்கு நேரே சிவப்பு விழும். அ.வுக்கு இதுவரை எல்லாம் பச்சை. அதில் அவ்வளவு பெருமை. அவர் செக்‌ஷன் வேலையையே ஒரு கம்பெனியிடம் கொடுத்துவிடப்போவதாகப் பேச்சு வேறு. ராத்திரி யாரிடமோ போனில், "ஆளு இருந்தாத்தான் சார் வேலை ஒழுங்கா நடக்கும். என் பச்சையப் பாருங்க."

மேசையில் ஒரு மனு கிடந்தால் சோறு இறங்காது அவருக்கு. நாளைக் காலை திறப்பார், திருப்புவார். மேரி அக்காவுக்கு நான் என்ன சொல்ல? தூக்கம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

"கெளம்பு. மழபாடி போயிட்டு வருவம்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சலுக்கே லீவு போடாத ஆள். புளிசாதம் கிண்டி, சென்டரைப் பூட்டி, பெரம்பலூர் பஸ், அரியலூர் பஸ், அங்கிருந்து டவுன் பஸ். ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டார், எனக்கு.

சாமி கும்பிட்டுக் கொள்ளிடக் கரையில் உட்கார்ந்தோம். கணுக்கால் தண்ணீர். அடிக்கொருதரம் போனில் மணி பார்க்கிறார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அப்போதுதான் உறைத்தது எனக்கு.

"சிவப்பு விழுந்துருமேங்க."

"புளிசாதத்துல உப்பு கம்மியா இருக்கு" என்றார்.

திரும்பும்போது அரியலூர் பஸ் ஸ்டாண்டில் மெசேஜ். லைசென்ஸ் தயார். மேரி அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அழுகை, மாதாவே மாதாவே என்று. இவர் அந்தாண்டை திரும்பி வேர்க்கடலை வாங்கிக்கொண்டிருந்தார். இந்த ஆளை என்ன செய்ய. கட்டிப்பிடிக்கவா முடியும் பஸ் ஸ்டாண்டில்.

ஜூலை 11, வெள்ளி

சாவி வாங்கியாச்சு. அக்காவோடு அறையைக் கூட்டிக் கழுவினேன். இடுப்பு வலி.

ஜூலை 14, திங்கள்

மேரி அக்கா கடையில் முதல் ஈடு இட்லி. பூ மாதிரி. எனக்கு நாலு, அ.வுக்குப் பார்சல்.

சாயங்காலம் சோர்ந்து வந்தார். சிவப்பு விழுந்ததற்காகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பெயரை வாசித்தார்களாம். எழுத்தில் விளக்கம் கேட்டார்களாம்.

"காய்ச்சல்னு எழுதிட வேண்டியதுதான?"

"எதுக்குப் பொய்?"

"பின்ன என்னத்த எழுதுனீங்க?"

"‘மனைவியுடன் திருமழபாடி சென்றிருந்தேன். நான் பார்க்காமலேயே மனு சரியாக முடிந்துள்ளது. ஆகவே வரைபடக் கட்டத்தை நீக்கிவிடலாம்.’"

"நீங்க இல்லாமலே நடக்குதுன்னு உங்க கையாலயே எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீங்களே! செக்‌ஷனத் தூக்கிட்டா?"

"நடந்துச்சே. அதத்தான எழுத முடியும்?" சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அப்புறம், "ஏன் தனியாரே, உங்க சென்டர்ல எதாச்சும் வேலை இருக்குமா?"

பிரின்டர் துடைக்க ஆள் வேண்டும் என்றேன்.