நாரி நோகுதோ?

கிராண்ட்பாஸ்
10 ஜூன் 2025

அன்பு மேனகா,

நான் நலம் என்று எழுத மனம் வரவில்லை. நீயாவது நலமாக இரு. என் ஃபோன் தவணைப் பரீட்சை முடியும்வரை வாப்பாவின் அலுமாரிக்குள். அதனால்தான் பள்ளிக்கூடம் வரும் கீழ்வீட்டு பர்ஸானாவிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். அவள் பிரித்துப் பார்க்கமாட்டாள், பயப்படாதே. வாசிப்பது என்றாலே அவளுக்குத் தலைவலி.

இன்று உம்மா என்னை வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போனார். மாத்திரைக்குக் கேட்காத நோவைக் கையாலேயே இளக்கிவிடும் ஒஸ்டியோபதி வைத்தியர் ஒருவர் அங்கே இருக்கிறார். மிஸ் கொன்ஸ்ரன்ஸ், யாழ்ப்பாணத்தவர். ஊசி இல்லை, மருந்து இல்லை. தசையை அழுத்தியும் மூட்டை மெல்ல அசைத்தும் எங்கே இறுகியிருக்கிறது என்று தேடுகிறார்.

ஆனால் என் வெட்கக்கேட்டைக் கேள். "எங்க பிள்ளை நோகுது?" என்றார். வகுப்பில் நான் உட்காரப் போகையில் நீ கதிரையைப் பின்னால் இழுத்தபோது நான் எதன்மேல் விழுந்தேனோ, அதைச் சொல்ல எங்கள் வீட்டில் மரியாதையான சொல் ஒன்று கிடையாது. அவராகவே, "நாரி நோகுதோ?" என்றார். நாரி என்றால் பெண் என்றுதானே இலக்கியப் பாடத்தில் படித்தோம்? ஒன்றும் விளங்காவிட்டாலும் நாகரிகமான சொல்லாக இருக்கிறதே என்று "ஓம்" என்று தலையாட்டிவிட்டேன். அவர் கை இடுப்பின் பின்பக்கத்துக்குப் போனபிறகுதான் தெரிந்தது, யாழ்ப்பாணத்தில் நாரி என்றால் அதுவாம்! பிறகு அங்கே இல்லை என்று சொல்ல வெட்கம். நோவில்லாத இடத்துக்கு வைத்தியம் செய்துகொண்டு வந்தேன்.

பஸ்ஸில் இடம் இருந்தது. "இரி புள்ள, இரி" என்று உம்மா கையைப் பிடித்து இழுத்தார். கிராண்ட்பாஸ் வரை நின்றுகொண்டே வந்தேன். நான் படியில் வழுக்கியதாகத்தான் உம்மாவுக்குத் தெரியும்.

உன் ஆதிபா


கொட்டாஞ்சேனை
12 ஜூன் 2025

என் செல்ல ஆதிபா,

உன் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "என்னாடி, பேய் புடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டார். நாரி! தமிழில் எப்போதும் முதலாவதாக வருகிற நீ!

நீ இல்லாமல் வகுப்பு சப்பென்று இருக்கிறது. கிளெமென்ற் சேர் கேள்வி கேட்டுவிட்டு உன் இடத்தைப் பார்க்கிறார், பிறகு தானே பதிலையும் சொல்லிக்கொள்கிறார். நோட்ஸ் எல்லாம் உனக்காக வடிவாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். அடுத்த கிழமை மாணவத் தலைவிகளைத் தெரிவு செய்கிறார்கள். என் பெயரும் இருக்கிறது. என் சட்டையில் பட்ஜை எந்த இடத்தில் குத்துவது என்றுகூட அம்மா பார்த்துவைத்துவிட்டார். கதிரைக் கதையை யாரிடமும் சொல்லிவிடாதே, ஆதிபா. அது பகிடிதானே? எல்லாரும் சிரித்தார்கள். நீயும்தான் சிரித்தாய்.

என்றும் உன் உயிர்த்தோழி
மேனகா


கிராண்ட்பாஸ்
17 ஜூன் 2025

அன்பு மேனகா,

மிஸ் கொன்ஸ்ரன்ஸ் கண்டுபிடித்துவிட்டார்.

இன்று அவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. "வீட்டில சும்மா இருக்கேக்க என்ன செய்வீர்?" என்றார். வாசிப்பேன் என்றேன். "அப்ப இதில இருந்து வாசியும்" என்று கதிரையைக் காட்டினார். நான் புத்தகத்தை விரித்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"பாரம் முழுக்க இடப்பக்கத் தொடையில. எழும்பும் பாப்பம்."

எழும்பினேன். என் முகம் காட்டிக்கொடுத்துவிட்டது.

"இது நாரி இல்லை. இருந்தபடி விழுந்தனீர், என்ன?"

முதுகெலும்பின் கடைசி நுனியில்தான் அடியாம். உம்மா தலையில் கைவைத்தார். "யா அல்லாஹ்! ஏன் புள்ள இத்தின நாளும் சொல்லல்ல?"

"வெக்கமா இருந்திச்சும்மா."

"வால் எலும்பு எண்டு சொல்லும்" என்றார் மிஸ். "எல்லாருக்கும் இருக்கு. உங்கட உம்மாவுக்கும் ஒண்டு இருக்கு." உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அதைச் சுற்றி இறுகிப்போயிருந்த தசைகளை மிஸ் மெதுவாகத் தளர்த்தினார். எழும்பியபோது நோவு போகவில்லை, ஆனால் சற்றுத் தள்ளி நின்றது. ஒரே நாளில் மாறாது, கிழமைக்கணக்கில் எடுக்கும் என்றார். எக்ஸ்ரே ஒன்றும் எடுக்க வேண்டுமாம். பின்பக்கம் வெட்டிய குஷன் ஒன்றில் இருந்து பரீட்சை எழுதலாமாம்.

பிறகு, "எப்பிடி விழுந்தனீர்?" என்று கேட்டார். இன்னொரு தடவை பிழையான பதில் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. கதிரையை இழுத்தார்கள் என்று சொன்னேன். உம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யாரு இழுத்த?"

உன் பெயரைச் சொல்லவில்லை. நிம்மதியாக இரு.

நானும் சிரித்தேன்தான். முக்காடு கழன்று தரையில் கிடக்கிறேன், வகுப்பே பார்க்கிறது. சிரிக்காவிட்டால் அழுதிருப்பேன்.

உன் ஆதிபா


கொட்டாஞ்சேனை
20 ஜூன் 2025

ஆதிபாக் கண்ணே,

நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும்! பட்ஜ் கிடைத்துவிட்டது! அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். ரொஷேலுக்குக் கிடைக்கவில்லை, பாவம், முகத்தைப் பார்க்கவேண்டுமே. அடுத்த சனிக்கிழமை உம்மாவின் வட்டிலப்பம் சாப்பிட வரட்டுமா? அதற்குமுன் ஒன்று சொல், உம்மாவிடம் யார் இழுத்தது என்று சொன்னாய்? நான் அதற்கேற்றபடி முகத்தை வைத்துக்கொள்ள வேண்டுமே!

என்றும் உன் உயிர்த்தோழி
மேனகா


கிராண்ட்பாஸ்
23 ஜூன் 2025

மேனகாவுக்கு,

வாழ்த்துகள். உன் அம்மா சந்தோஷப்பட்டதில் எனக்கும் சந்தோஷம்.

நீ கேட்டதற்குப் பதில். உம்மா "யாரு?" என்றதும் உன் பெயர் நாக்குவரை வந்தது. ஒவ்வொரு பெருநாளுக்கும் உனக்கென்று தனியாக வட்டிலப்பம் எடுத்துவைக்கிறவர் அவர். அவர் மனம் உன்மேல் முறியக்கூடாது என்று, "வகுப்புல யாரோ ஒரு புள்ளம்மா. எனக்கு அவவ அவ்வளவாத் தெரியா" என்று சொல்லிவிட்டேன்.

பொய் சொன்னதற்கு வெட்கப்பட்டு வீடுவரை உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. எட்டு வருடமாக வகுப்பில் பக்கத்திலேயே இருந்தவளை யாரோ என்று சொல்லிவிட்டேனே என்று இரவு அழுதேன்.

உன் கடிதத்தை வாசித்துவிட்டு, அவ்வளவாத் தெரியா என்ற அந்த வசனத்தை எனக்குள் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். இப்போது அது பொய்போல இல்லை. அதைவிட வெட்கம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

நோட்ஸை பர்ஸானாவிடம் கொடுத்தனுப்பு. சனிக்கிழமை வரவேண்டாம்.

ஆதிபா