மிளகாய் நெடி வந்தது, மாமா

மாலை போட்ட படத்துக்குள் இருந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிற என் மாமாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம். வருடம் திரும்பப் போகிறது. அழுகிற மட்டும் அழுதுவிட்டேன், இனிக் கொஞ்சம் திட்டலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள் எழுத்து தப்பும் தவறுமாய்த்தான் இருக்கும். உங்களுக்கு மட்டும் என்றால் மனதுக்குள்ளேயே பேசியிருப்பேன். நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன்.

ஒத்தக்கடை நிறுத்தத்தில் உங்களுக்கு வைத்த போர்டு வெயிலில் வெளுத்துவிட்டது. கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு அந்தச் சிவப்புக் கார்மேல் சாய்ந்து நிற்கிறீர்கள். ‘இதயம் நின்றாலும் உன் வண்டிச் சத்தம் நிற்காது’ என்று கீழே எழுதியிருக்கிறது. உங்கள் சினேகிதன் செல்வம் எழுதச் சொன்னது. பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் அதைப் படிக்கிறேன். படிக்கப் படிக்க அதைக் கிழித்துப் போட வேண்டும் போல இருக்கிறது.

அந்தக் காரை நான் எப்போது வேண்டாம் என்றேன்? மினிலாரியில் செங்கல் லோடு அடித்து, வீடு கட்டி, அதற்குப் பிறகு உங்களுக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது. யாரோ கோயம்புத்தூர்க்காரர் பந்தயத்தில் ஓட்டிய வண்டி. “பேச்சி, இது அந்தக் காலத்துப் புலி. இப்ப வர்ற காரெல்லாம் இது முன்னாடி பூனை” என்றீர்கள். புலிக்கு வயதாகியிருந்தது. கால் மிதியடியைத் தூக்கினால் துருப்பிடித்த ஓட்டை வழியாக ரோடு தெரிந்தது. கேட்டதற்கு, “காத்து வரட்டும்” என்று மிதியடியை மறுபடி போட்டு மூடினீர்கள்.

பிறகு சைலன்ஸர் பைத்தியம் பிடித்தது. சோற்றில் கை வைத்துக்கொண்டே போனில் ஊரான் வண்டிச் சத்தமெல்லாம் கேட்பீர்கள். என்ஜினிலிருந்து வால் வரைக்கும் பைப்பை மாற்ற வேண்டும், அப்போதுதான் புகை தடையில்லாமல் போகும், வண்டி சீறும் என்று எனக்குப் பாடம் நடத்துவீர்கள். எனக்கு எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது. ஆனாலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினேன்.

நம் வண்டிகளை எப்போதும் பார்க்கிற கருப்பையா அண்ணன் மாட்டேன் என்றா சொன்னார்? நானும்தானே அன்றைக்குப் பட்டறையில் நின்றேன். “மாத்தலாம் பாண்டி. சும்மா மாட்டி விடுற வேலையில்ல. சேருற எடமெல்லாம் வெல்டிங் வைக்கணும். தரைக்குத் தகடு அடிக்கணும். புகையைச் சுத்தம் பண்ற பெட்டி ஒண்ணு நடுவுல இருக்கு, அதை எடுக்கக்கூடாது. ஒரு வாரம் வண்டி எங்கிட்ட நிக்கட்டும்” என்றார்.

அந்த ஒரு வாரம் உங்களுக்குப் பொறுக்கவில்லை. செல்வம் வேறு ஒரு பட்டறை சொன்னான். அரை நாளில் முடித்துவிடுவார்களாம், பெட்டியைக் கழற்றினால்தான் சத்தமே வருமாம். திருவிழாவுக்கு ஒரே கலரில் சட்டை எடுக்கிற மாதிரி, நீங்கள் இரண்டு பேரும் அவரவர் காருக்கு ஒரே நாளில் ஒரே பைப்பை மாட்டிக்கொண்டு வந்தீர்கள்.

வாசலில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டது நினைவிருக்கிறதா? “கேளு பேச்சி, அந்தச் சடசடப்பைக் கேளு. எவன் வண்டியிலயாச்சும் இது வருமா?” மிதிக்கும்போதெல்லாம் சடசடவென்று ஒரு சத்தம் கூடவே வந்தது. எதிர்வீட்டுக் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. டீக்கடையில் இருந்தவர்கள், காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற பிள்ளைகள், எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “எம்புட்டுப் பேரு பாக்குறாங்க பாத்தியா” என்று உங்களுக்கு வாயெல்லாம் பல்.

முதல் தடவை திருவாதவூர் போய்ச் சேருவதற்குள் எனக்கு நெற்றிப்பொட்டு தெறித்தது. குமட்டிக்கொண்டு வந்தது. நான் சொன்னேனா இல்லையா?

“மாமா, புகை வாடை அடிக்குது.”

“புதுப் பைப்புடி. பெயிண்டு காயிற வாடை. ரெண்டு நாள்ல போயிரும்.”

“கண்ணாடியையாச்சும் இறக்குங்க.”

“ஏசி போட்டிருக்கேன்ல.”

அடுத்த தடவையும் தலைவலி. அதற்கடுத்து உங்களுக்கும் வந்தது. அப்போதாவது வண்டிக்குக் கீழே குனிந்து பார்த்தீர்களா? “கண்ணு பட்டிருச்சு பேச்சி. இம்புட்டுப் பேரு திரும்பிப் பாத்தா படாம இருக்குமா?” என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். தலைவலியிலும் உங்களுக்குப் பெருமைதான்.

அத்தை உப்பும் மிளகாயும் தெருமண்ணும் எடுத்துக் கொடுத்தார்கள். உங்களை உட்காரவைத்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டேன். கண் பட்டிருந்தால் மிளகாய் கருகினாலும் நெடி வராது என்பார்கள். நெடி வந்தது மாமா. வீடே இருமியது. நீங்கள் முதலில் எழுந்து வாசலுக்கு ஓடினீர்கள்.

“அத்தை, நெடி இப்பிடி அடிக்குதே. கண்ணெல்லாம் ஒண்ணும் படல” என்றேன்.

“நீ ஒழுங்காச் சுத்தியிருக்க மாட்ட. இன்னொருக்காச் சுத்து” என்றார்கள் அத்தை.

மறுபடி சுற்றினேன். மறுபடி நெடி வந்தது. நீங்கள் தும்மிக்கொண்டே வாசலிலிருந்து, “அது குண்டூர் மொளகாடி, யாருக்குச் சுத்துனாலும் நெடி அடிக்கும்” என்றீர்கள். எல்லோரும் சிரித்தோம். மறுநாள் காரின் முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டினீர்கள். கண் படவில்லை என்று அடுப்பு சொன்னதை, பட்டது என்றே நீங்கள் முடித்துக்கொண்டீர்கள்.

அந்த மழை நாள் மதியம் போன் பண்ணினீர்கள். “கொட்டுற மழை பேச்சி, ரோடே தெரியல. கம்மாக்கரையில ஓரங்கட்டிட்டேன். தலை வேற வலிக்குது. செத்த நேரம் கண்ணசந்துட்டு, மழை விட்டதும் வாரேன்.”

வாரேன் என்றீர்கள்.

என்ஜின் ஓடியபடியே வண்டி நிற்கிறதே என்று ஆடு மேய்க்கிறவர் வந்து கண்ணாடியைத் தட்டியிருக்கிறார். தூக்கிக்கொண்டு போன இடத்தில் உயிர் இல்லை என்றார்கள். போலீஸ், அறுப்பு என்று யாரோ பேச்செடுத்ததும் அத்தை தலையில் அடித்துக்கொண்டார்கள். நெஞ்சுவலி என்று சொந்தக்காரர்களே சொல்லி முடித்தார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

உங்களைக் கிடத்தியிருந்தபோது சுற்றியிருந்த பெண்கள் சொன்னது என் காதில் இன்னும் இருக்கிறது. “என்னா களை பாரு. கல்யாண மாப்பிள்ளை கணக்காச் செவந்துபோய்க் கிடக்கான். புண்ணியவான் சாவு.” உங்கள் கன்னமும் உதடும் நிஜமாகவே சிவந்துதான் இருந்தன. வேதனைப்படாமல் போயிருக்கிறார் என்று அதைப் பார்த்து நான் மனதைத் தேற்றிக்கொண்டேன். இப்போது அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள். கார் நம் தகரக் கொட்டகையில்தான் நின்றது. பேட்டரி இறங்கிவிடும் என்று செல்வம் அவ்வப்போது வந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டுப் போவான். வருடம் திரும்புகிற நாளில் சினேகிதர்கள் எல்லோரும் காரில் ஊர்வலம் போகப் போகிறார்களாம். உங்கள் கார்தான் முன்னால் போக வேண்டுமாம். “அண்ணன் ஆசையா மாட்டுன சைலன்ஸரு மதினி, அந்தச் சத்தம் கேட்டா அண்ணனே வந்த மாதிரி இருக்கும்” என்றான். நானும் சரி என்றேன்.

போன மாதம் ஒரு நாள் அவன் ஸ்டார்ட் பண்ணிவிட்டு டீ குடிக்கப் போனான். எனக்கு உங்கள் சீட்டில் உட்கார வேண்டும் போல இருந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்து யாருக்கும் கேட்காமல் அழுதேன். கொஞ்ச நேரத்தில் நெற்றிப்பொட்டு தெறித்தது. அதே குமட்டல்.

கதவைத் திறந்து வெளியே வந்து கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்த அறிவுக்கு ஒன்றுதான் தோன்றியது. கொட்டகைக்குள் பூட்டிக் கிடக்கிற காரை யார் பார்த்தார்கள்? யார் கண் பட்டது? ஒரு கண்ணும் படாத இடத்தில் இந்தத் தலைவலி எங்கிருந்து வருகிறது?

கருப்பையா அண்ணனைக் கூப்பிட்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, கீழே படுத்துப் பார்த்துவிட்டு என்னையும் குனியச் சொன்னார். பைப்பும் பைப்பும் சேருகிற இடத்தில் வெல்டிங்கே இல்லை. வெறும் கிளாம்ப்தான், அதுவும் தளர்ந்துபோய். சுற்றி அடுப்படிச் சுவர் மாதிரி கரி. அதற்கு நேர் மேலே, நீங்கள் மிதியடி போட்டு மூடிய ஓட்டை.

“தாயி, சடசடன்னு ஒரு சத்தம் வருமே, அது இந்தச் சந்துல புகை பீறிடுற சத்தம்” என்றார்.

எதைக் கேளு கேளு என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினீர்களோ, அது.

அந்தப் புகைக்குள் வாடையே இல்லாத விஷம் ஒன்று இருக்கிறதாம். முதலில் தலையை வலிக்கவைக்கும், பிறகு தூங்கவைக்கும், தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும் என்றார். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல், “அந்த விஷம் ஏறினா மூஞ்சி செவக்கும்பாங்க. பாண்டி மூஞ்சி அன்னிக்குச் செவந்திருந்துச்சா?” என்று கேட்டார்.

“கல்யாண மாப்பிள்ளை கணக்காச் செவந்திருந்துச்சுண்ணே” என்றேன். “எரிச்ச பெறகு நான் உறுதியா என்னத்தச் சொல்ல முடியும் தாயி” என்றார் அவர். அவர் சொல்ல வேண்டாம். எனக்குத் தெரியும்.

செல்வத்திடம் சொன்னேன். அவனுக்கு முகம் மாறிவிட்டது. “மதினி, நாந்தான் அந்தப் பட்டறைக்குக் கூட்டிட்டுப் போனேன். நான் அண்ணனைக் கொன்னுட்டேங்கிறீங்களா?”

“உன் வண்டியிலயும் அதே பைப்புதான் இருக்கு. அதைப் பாருங்கிறேன்.”

“அது ஹார்ட் அட்டாக் மதினி. ஊருக்கே தெரியும். எம்புட்டு நாளா ஓட்டுறேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே.” கோபித்துக்கொண்டு போய்விட்டான். போன் பண்ணினால் எடுக்கவில்லை.

அவன் மகளை நினைத்தேன். நமக்குத்தான் பிள்ளை இல்லை. அவளை மடியில் வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கவைத்தது நீங்கள்தானே? என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிற குழந்தை அந்த வண்டியின் பின்சீட்டில்தான் தூங்கிக்கொண்டு போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நேராக அவன் வீட்டுக்கே போனேன். பேரையூருக்கு, அவன் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி சடசடத்துக்கொண்டு நின்றது. கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. அவன் பெண்சாதி சித்ரா குழந்தையை மடியில் வைத்துப் பின்னால் இருந்தாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

“மதினி, தள்ளுங்க. ரோட்டுல வச்சு அசிங்கம் பண்ணாதீங்க” என்றான்.

“ஏத்திட்டுப் போறதுன்னா போ” என்று சொல்லிவிட்டு, நகராமலே சித்ராவைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியை இறக்கினாள்.

“சித்ரா, வண்டியில போனா உனக்குத் தலை வலிக்குதா?”

“ஆமாக்கா. எப்பப் போனாலும் வலி. பாப்பாவும் ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுக்குறா. கண்ணு பட்டிருக்குன்னு எங்கத்தை சுத்திப் போட்டாங்க.”

“மிளகாயைப் போட்டப்ப நெடி வந்துச்சா, வரலையா?”

அவள் யோசித்தாள். “வந்துச்சுக்கா. அடுப்படியில நிக்க முடியல.”

“எங்க வீட்லயும் வந்துச்சு சித்ரா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். உங்களைக் கிடத்தியிருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கதவைத் திறந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். “ஏறுடி” என்றான் செல்வம். “நீங்க எறங்குங்க மொதல்ல” என்றாள். அவன் என்ஜினை நிறுத்தினான். ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

பஸ்ஸில்தான் பேரையூர் போனார்கள். அவன் கார் கருப்பையா அண்ணன் பட்டறையில் நின்றது. அதே கிளாம்ப், அதே கரி. பட்டறையில் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவனுக்கும் சேர்த்து உங்களைத்தான் திட்டுகிறேன்.

நம் காரை உடைக்கப் போட்டுவிடச் சொன்னார்கள் அத்தை. நான் கேட்கவில்லை. ஒரு வாரம் கருப்பையா அண்ணனிடம் நிறுத்தினேன். தரைக்குத் தகடு அடித்து, அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்து, நீங்கள் ஆசைப்பட்ட அதே பைப்பை வெல்டிங் பண்ணி மாட்டிக் கொடுத்தார். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். சடசடப்பு இல்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் மட்டும் வந்தது. போனில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பீர்களே, அது இதுதான். அன்றைக்குத்தான் எனக்கு உங்கள் மேல் எல்லாவற்றையும்விடக் கோபம் வந்தது. இந்தச் சத்தமும் கிடைத்திருக்கும். நீங்களும் இருந்திருப்பீர்கள். ஒரு வாரம் பொறுக்க முடியவில்லையா உங்களுக்கு? நான் தலை வலிக்கிறது என்று சொன்னபோது ஒரே ஒரு தடவை கீழே குனிந்து பார்க்க முடியவில்லையா?

பதில் சொல்ல மாட்டீர்கள். சிரித்துக்கொண்டே இருங்கள்.

வருடம் திரும்புகிற அன்றைக்கு ஊர்வலம் நடக்கும். ஆனால் சைலன்ஸர் மாற்றின ஒவ்வொரு வண்டியும் கருப்பையா அண்ணன் ஜாக்கியில் ஏறி இறங்கிய பிறகுதான் உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நிற்கும். செல்வமே வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறான். அந்த வெளுத்த போர்டையும் எடுத்துவிடச் சொல்லிவிட்டேன்.

எனக்கும் பழக்கிக் கொடு என்று, வண்டி ஓட்டத் தெரிந்த சித்ராவிடம் கேட்டிருக்கிறேன். பழகியதும், நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, அந்தக் கண்மாய்க்கரை வரைக்கும் நானே உங்கள் காரை ஓட்டிக்கொண்டு வாரேன். நான் வாரேன் என்று சொன்னால் வருவேன் மாமா.

இன்னும் கோபம் ஆறாத
உங்கள் மாமன் மகள்
பேச்சியம்மாள்