சிவப்பாகிப் போன என் வகுப்பறை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம், அவள் முழங்கால் வலி மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் வந்துவிடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் தூங்குவதாக அம்மாவைச் சொல்ல வைத்தேன். தூங்கவில்லையம்மா, உன்னிடம் பேச முகம் இல்லை.

"பாடத்தை ஒப்பிக்க வைக்காதீங்கப்பா, ஒரு கேள்வியைக் கொடுங்க, போனை வெச்சு அவங்களே பதில் தேடட்டும்" என்று நீதானே நச்சரித்தாய். சரியென்று என் வகுப்புப் பிள்ளைகளிடம், பள்ளியில் எங்கே சத்தம் அதிகம் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். சத்தத்தை அளக்கும் செயலியைப் போனில் இறக்கிக்கொண்டு பிள்ளைகள் வாசல், சாப்பாட்டுக்கூடம், தச்சுப்பட்டறை என்று ஒரு இடம் விடாமல் சுற்றினார்கள். அளந்ததைக் கணினியில் போட்டால் பள்ளியின் வரைபடம் தானே நிறம் மாறும், அமைதிக்குப் பச்சை, இரைச்சலுக்குச் சிவப்பு. கணக்கென்றாலே காத தூரம் ஓடுகிறவர்கள் சராசரிக்காகச் சண்டை போட்டதைப் பார்த்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுத் தலைமையாசிரியை முன்னால் காட்டுவோம் என்று நானே நாள் குறித்தேன்.

அன்றைக்குத் திரையில் வரைபடம் விரிந்தது. மாடியில் ஒரு அறை மட்டும் நிறமில்லாமல் வெள்ளையாக இருந்தது. கூட்டத்துக்கு முன்னால் கெத்து காட்டும் ஆசையில், "ஒரு இடத்தை விட்டுட்டா அது கணக்கா?" என்று கேட்டேன். அளக்கும் குழுவை நடத்திய வாயாடி மாணவி அன்றைக்கென்று தரையைப் பார்த்தபடி, "அளந்தோம் சார்" என்று மட்டும் சொன்னாள். "அப்ப போடு, எதுக்குப் பயம்?" என்றேன். போட்டாள். தச்சுப்பட்டறையை விடச் சிவப்பாக ஆனது அந்த அறை. அது என் வகுப்பறையம்மா.

பெற்றோர் சிரித்தார்கள். நானும் சிரித்து, "இதுங்க போடுற கூச்சல் அப்படி" என்று பழியைப் பிள்ளைகள் தலையில் போட்டேன். அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். "அந்த நேரம் நாங்க யாரும் பேசல சார்" என்று அவள் மெல்லச் சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது, ஆதாரம் எங்கே என்றேன். ஒவ்வொரு இடத்திலும் ஒலியைப் பதிவு செய்யச் சொல்லியிருந்ததும் நான்தானே. ஒலிபெருக்கியில் என் குரல் வந்தது. "மண்டையில மூளை இருக்கா, இல்ல களிமண்ணா? மாடு மேய்க்கக்கூட லாயக்கில்ல." திட்டு வாங்கிய பையனின் அப்பா, பேருந்து ஓட்டுநர், முதல் வரிசையில் சீருடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் குனிந்துகொண்டார். அந்தப் பையன் எழுந்து, "அன்னிக்கு நான்தான் சார் கணக்கைத் தப்பாப் போட்டேன்" என்றான், என்னைக் காப்பாற்றுகிறானாம். பூமி பிளந்து விழுங்காதா என்றிருந்தது.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். சாயங்காலம் பணிமனைக்குப் போய் ஓட்டுநரையும் பார்த்தேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "வீட்ல நானும் இதையேதான் சார் சொல்லித் திட்டுவேன். வெளிய நின்னு கேக்கறப்பதான் உறைக்குது" என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். தலைமையாசிரியை, இந்த வரைபடத்தை வெளிப்போட்டிக்கு அனுப்பும்போது அந்த அறையை எடுத்துவிடலாம் என்றார். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன், அது பிள்ளைகள் உழைத்துக் கண்டுபிடித்தது. உன் அம்மாவோ, "இதைக் கண்டுபிடிக்க மிஷின் வேற வேணுமாக்கும், என்னைக் கேட்டா போதாதா" என்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குட்டிக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கத் தொடங்கியிருப்பதாக அம்மா சொன்னாள். நிதானமாகச் சொல்லிக் கொடு, தப்பாக எழுதினால் எழுதட்டும். இப்போது நான் குரலை உயர்த்துவதில்லை. ஆனாலும் நான் பக்கத்தில் போனால் அந்தப் பையன் நோட்டைக் கையால் மறைத்துக்கொள்கிறான். நேற்றும் மறைத்தான். நான் கேட்காமல் நகர்ந்து போனேன்.

மூவரும் நிறைவாக வாழ ஆசீர்வாதம். குளிர் ஆரம்பித்துவிட்டதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே எடுக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அப்பா