வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத தரை

என் சரசுவுக்கு,

உன் ஆர்க்கிட் செடிகளுக்கு வீடு கட்டியாகிவிட்டது. நீ தூக்கி வளர்த்த என் மகன் குமரன் அதைக் கிரீன்ஹவுஸ் என்கிறான். எனக்கு அது செடிவீடுதான். பின்பக்கம், நீ துணி காயப்போடுகிற இடத்தில் இரும்புக் கம்பி நட்டு, மேலே வெளிச்சம் விடுகிற தகடும் சுற்றிலும் வலையும் போட்டிருக்கிறது. நீ கண்ணை மூடிய பிறகு பெய்த மழையில் சில செடிகள் அழுகிப்போனதும்தான் இந்த ஏற்பாடு. தரை மட்டும் பாக்கி இருந்தது. அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

போன வருஷம் நான் குளியலறையில் விழுந்தபோது நீதானே தூக்கினாய். இப்போது குமரன் ஜொகூரிலிருந்து போனில் சொல்லிவிட்டான்: "இன்னொரு தடவ விழுந்தீங்கன்னா வீட்டப் பூட்டிட்டு இங்கதான் வரணும்மா." வீட்டைப் பூட்டினால் உன் செடிகளை யார் பார்ப்பது என்று நான் கேட்டேன். உங்களை யார் பார்ப்பது என்று அவன் கேட்டான். இரண்டும் நியாயம்தான்.

கட்டட வேலை எடுத்துச் செய்கிற குத்தகைக்காரர் மணியம் வந்தார். சிமெண்டு போடலாம் என்றேன், நல்லது என்றார். குமரனும் நல்லது, கழுவ சுலபம் என்றான். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. நான் மட்டும் இனி ஒரு ‘வேண்டாம்’ வரும் என்று போனைப் பிடித்தபடி நின்றிருந்தேன். யார் சொல்லப்போகிறார்கள்?

நான் சொன்ன எதற்காவது நீ முதல் வாய்க்கே சரி என்றதுண்டா? தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தபோது அடுப்பை எங்கே வைப்பது என்று மல்லுக்கட்டினோமே. நான் ஜன்னலடியில் என்றேன், நீ கதவோரம் என்றாய். உன் அண்ணன், என் வீட்டுக்காரர், பாவம், பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கடைசியில் இருவரும் சொல்லாத மூலையில் வைத்தோம். இன்றைக்கும் அதுதான் சரியான இடம். இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் அமைந்தது. அவர் போன பிறகும் நாம் விடவில்லை.

சிமெண்டு வேண்டாம், டைல்ஸ் என்று மாற்றிச் சொன்னேன். "போலே லா அம்மா, எது வேணாலும் போடலாம்," என்று மணியம் ஒரு பளபளப்பான டைல்ஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதைக் குழாயடியில் வைத்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு ஏறி நின்று பார்த்தேன். கால் சறுக்கிவிட்டது. பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. குமரனிடம் சொல்லவும் இல்லை. வாயில் உன் பெயர்தான் வந்தது.

அன்று சாயந்திரம் சமையற்கட்டில் உட்கார்ந்து உன் பங்கையும் நானே பேசினேன். சத்தமாகத்தான். இப்படித் தனியாகப் பேசினால் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள் என்று நீ கேலி செய்திருப்பாய்.

சிமெண்டுதான் என்றேன். "பாசி புடிக்கும் அண்ணி, வழுக்கி விழுந்தா எவ தூக்குறது?" என்றாய். சரளைக்கல் கொட்டினால் தண்ணீர் கீழே இறங்கிவிடும், செடிக்கு ஈரமும் நிற்கும் என்றேன். "உங்க சக்கரைக் காலுல கல்லு குத்துனா ஆறுமா?" என்றாய். மண்ணாகவே கிடக்கட்டும் என்றேன். "அப்ப சேத்த மிதிச்சுகிட்டே இருங்க," என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "சரிடி, நீயே சொல்லு, என்ன போடலாம்?" என்று கேட்டேன்.

சரசு, நீ வேண்டாம் என்பதையெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது. நீ என்ன வேண்டும் என்பாய் என்பது மட்டும் வரவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்து நான் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லையா?

கடைசியில் நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். நடுவில் நடக்க மட்டும் சொரசொரப்பான செங்கல், மணலில் இடைவெளி விட்டுப் பதித்தது. செடி பெஞ்சுகளுக்கு அடியில் சரளைக்கல். மணியத்திடம் யோசனை கேட்கவில்லை. எப்படியும் நல்லது என்பார். போடுங்கள் என்றேன், போட்டுவிட்டார். தண்ணீர் தேங்கவில்லை, காலும் நழுவவில்லை. பேத்தி வீடியோவில் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு பாட்டி," என்றாள். வகுப்பில் முதலாவதாக வருகிற பிள்ளை, சும்மா சொல்லமாட்டாள். அஞ்சாம் வகுப்போடு நின்ற எனக்கு அதில் பெருமைதான். இருந்தும் எல்லோரும் நல்லது என்கிற வீட்டில் ராத்திரிச் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

நேற்றுக் காலை அந்தச் செங்கல்லின் மேல் நின்று உன் வெள்ளை ஆர்க்கிட்டுக்குத் தண்ணீர் விட்டேன். புது மொட்டு ஒன்று வந்திருக்கிறது. செங்கல்லிலும் பாசி வரும் என்பாய். வரும்தான். அதனால் வாக்குக் கொடுக்கிறேன்: வாரா வாரம் விளக்குமாற்றால் தேய்ப்பேன். ஈரத்தில் அவசரமாக நடக்கமாட்டேன். விழமாட்டேன், இந்த வீட்டைப் பூட்டவும் விடமாட்டேன்.

எல்லாம் நீ சொல்லியிருக்கக்கூடியதுதான். முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் கேட்கப்போகிறேன். அதையும் வேண்டாம் என்று ஒரு தரம் வந்து சொல்லேன்.

மல்லுக்கட்ட ஆளில்லாத
உன் அண்ணி,
பாக்கியம்