உல்யாவை நான்தான் அனுப்பினேன்

பெர்ம்,
மார்ச் 11

அன்புள்ள கிலெப்,

உன் கடிதம் திங்களன்று வந்தது. தோள்வலி விடவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஐம்பது வயதிலும் வெறும் சட்டையோடு பனித்தளத்தில் நின்றால் எப்படி விடும்? இங்கே காமா ஆறு இன்னும் உறைந்துதான் கிடக்கிறது. நான் நலம்.

உல்யா தளத்தில் விழுந்ததைப் பற்றிய விசாரணைக் குழுவிடம் உனக்காகப் பேசச் சொல்கிறாய். "பத்து வருஷம் என்னோட ஜோடியா ஸ்கேட்டிங் ஆடினவ நீ. நான் யாரையும் கட்டாயப்படுத்தினதில்லன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், ராயா" என்று எழுதியிருக்கிறாய். அதற்குள் பீட்டர்ஸ்பர்க் ஆஸ்பத்திரியிலிருந்து உல்யாவை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நேற்று போய்ப் பார்த்தேன்.

பதினாறு வயதுப் பெண். இடுப்பிலிருந்து முழங்கால் வரை கட்டு. அவள் அம்மா தமாரா கதவைத் திறந்துவிட்டு, சமையலறைக்குள் போய்விட்டாள். மூன்று வருடம் முன்பு அந்தச் சமையலறையில் உட்கார்ந்துதான், உல்யாவை உன்னிடம் பயிற்சிக்கு அனுப்பும்படி நான் அவளிடம் சொன்னேன்: "பயப்படாம அனுப்பு தமாரா. கிலெப் கண்டிப்பானவன்தான், ஆனா பிள்ளைய பத்திரமா பாத்துப்பான்." என் வாயை நம்பித்தான் அனுப்பினாள்.

உல்யா உன்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, கிலெப். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பாதத்தில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னதை உன்னிடம் சொன்னாளாம். நீ, "போட்டிக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. ராயா இதைவிட வலியோட ஆடினவ" என்றாயாம். வலி மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு தளத்தில் இறங்கியிருக்கிறாள். ஜோடியாக ஆடுபவன் தூக்கி வீச, சுழன்று இறங்கியபோது கால் மடங்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, "தப்பு என்னோடதுதான் அத்தை. நான் கொஞ்சம் சீக்கிரம் திரும்பிட்டேன்" என்றாள்.

இருபத்தெட்டு வருடம் முன்பு நானும் இப்படித்தான் சொன்னேன். யெகாதெரின்பர்க்கில் என்னைத் தலைக்கு மேல் தூக்கியபோது உன் தோள் விலகியது. அது மூன்று வாரமாகவே விலகிக்கொண்டிருந்ததும், டாக்டரிடம் நீ மறைத்ததும் எனக்குத் தெரியும். என் மண்டை பனியில் மோதியது. இடது காது அன்றைக்கே போய்விட்டது. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "பிடிய நான்தான் தவறவிட்டேன்" என்றேன். உன்னை அணியிலிருந்து எடுத்துவிடுவார்களே என்ற பயம். நமக்குக் கல்யாணமாகி நான்கே மாதம்.

"நீ எழுந்து வர்ற வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு வேறொருத்தியோடு தளத்தில் இறங்கினாய். நான் எழுந்தபோது நீ அவளோடு குடும்பமே நடத்திக்கொண்டிருந்தாய். நீங்கள் இருவரும் பதக்கம் வாங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். கை தட்டினேன். பொய்யில்லை, சந்தோஷமாகத்தான் தட்டினேன்.

பிறகு நீ பயிற்சியாளர் ஆனாய். எல்லார் முன்னாலும் பெண்களை எடை பார்க்க நிறுத்துகிறாய் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். இரண்டு பேர் அழுதுகொண்டே உன்னைவிட்டுப் போனார்கள். நிருபர்கள் என்னைத்தான் தேடி வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் உன்னைக் காப்பாற்றினேன். விழுந்தால் விழுந்தவள்தான் குற்றவாளி என்று உனக்கு முதலில் பழக்கியவள் நான்தானோ என்று நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வியாழக்கிழமை குழு முன்னால் போகிறேன். உல்யா சொன்னதைச் சொல்வேன். யெகாதெரின்பர்க்கையும் சொல்வேன். அதன் பிறகு எந்தத் தளத்திலும் உன்னை விடமாட்டார்கள் என்று தெரியும். பழி தீர்க்கிறேன் என்று நினைக்காதே. உன்மேல் இருந்த பிரியம் தீர்ந்துபோயிருந்தால் இதை ஐந்து நிமிடத்தில் எழுதி முடித்திருப்பேன்.

இனி உல்யாவால் ஆட முடியாது. அவளிடம் இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "சார் கோபமா இருக்காரா அத்தை? ஒரு போன்கூட பண்ணல" என்று கேட்டாள்.

வா, கிலெப். குழு என்ன முடிவு செய்தாலும் வா. தமாரா திட்டினால் வாங்கிக்கொள். உல்யாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "தப்பு உன்னோடது இல்ல" என்று ஒரு தடவை உன் வாயால் சொல்லிவிடு. இருபத்தெட்டு வருடம் அந்த வார்த்தை காதில் விழாமல் வாழ்வது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கடவுள் உனக்கு அந்தத் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

ராயிசா